பெரியவருக்கு வந்த பார்சல்

இந்தப் பக்கமா நகந்து உக்காரு அம்மிணி, அந்தப் பக்கம் பெஞ்சுக் காலு ஆடும். பூனையா அது? கூடையோட கொண்டாந்திருக்கியே, சமத்து. மடியிலயே வெச்சுக்க. நம்முளுது நாய்தான், ஆனா ஒண்ணும் பண்ணமாட்டான். கடிக்கறதுக்குப் பல்லுமில்ல, அந்த நெனப்புமில்ல. அதோ, ஜன்னலோரமா வேட்டி கட்டிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்கறாரு பாரு, அவரு மடியில துண்டுக்குள்ள சுருண்டு கெடக்கறானே, அவன்தான். வெச்சிருக்கறவரு எங்கூட்டுக்காரரு. கெவர்மெண்டு பஸ் ஓட்டி ரிட்டயர்டு ஆனவரு. நான் பேசறது அவருக்குக் கேக்கும். கேக்கட்டும். ஊட்டுல சொல்லாததையா இங்க சொல்லப்போறேன்.

சித்த முன்னால உன்ற எடத்துல ஒரு அம்மா உக்காந்திருந்துது. அவனைப் பாத்துட்டு, "ஏனக்கா, தூங்க வெக்கறதுக்கா கொண்டாந்திருக்கறீங்க?"ன்னு கேக்குது. எப்படி வார்த்தை கண்டுபிடிச்சு வெச்சிருக்கறாங்க பாரு, தூங்க வெக்கறதாம். தாலாட்டா பாடப்போறாங்க? கொல்றதுன்னு சொல்லிட்டுப் போங்களே. நானும் உடல. "உங்கூட்டுல வயசானவங்க இல்லையா, அவங்களையும் இங்க கொண்டாந்தா தூங்க வெச்சுருவாங்களா"ன்னு கேட்டேன். அந்த அம்மா எந்திரிச்சு அந்த மூலைக்குப் போயிருச்சு. போகட்டும்.

இதே பேச்சை என்ற மகனே பேசுனான், அதுதான் ஆத்திரம். தினகரன்னு பேரு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில மேனேஜரு. போன தடவை டாக்டரம்மாகிட்டப் போன்ல பேசிப்போட்டான். "அடுத்த தடவை அம்மா கொண்டு வரும்போது முடிச்சுருங்க மேடம், அதும் செரமப்படுது, இவங்களும் செரமப்படறாங்க"ன்னு. நான் செரமப்படறேன்னு இவங்கிட்ட ஆரு சொன்னா? டாக்டரம்மா நல்லவங்க. "இன்னொரு மாசம் பாக்கலாங்க. வயிறு கட்டுக்குள்ள வந்து, சாப்பாடு எறங்கி, எடை கூடியிருந்தா ஊசிப் பேச்சே வேண்டாம். எடை இன்னும் கொறஞ்சிருந்தா அப்புறம் நான் பொய் சொல்லமாட்டேன்"ன்னாங்க. அந்த மாசம் இன்னிக்கோட முடியுது. அதான் வந்திருக்கறோம். உள்ள ஒரு மெசினு இருக்குது, அதுல தூக்கி நிறுத்துவாங்க. அது என்ன காட்டுதோ அதுதான் இவன் ஆயுசு.

கூடியிருக்கும். நான் சொல்றேன், கூடியிருக்கும். நாந்தான தெனமும் தூக்கறேன்.

யமுனா, என்ற மக, காலேஜ் சேந்த வருசம் இவன் வந்தான். கையளவு நாய்க்குட்டி. குட்டின்னா ஓடோணும், செருப்பைக் கடிக்கோணும். இவன் என்ன பண்ணுனான், வாசப்படியில உக்காந்துட்டு வர்றவன் போறவனையெல்லாம் மேலயும் கீழயும் பாத்தான், பஞ்சாயத்துக்கு வந்தவனாட்ட. யமுனா சிரிச்சுப்போட்டு, "பெரியவரே, வணக்கம்"ன்னா. அதுவே பேராயிருச்சு. பெரியவரு சாப்பிட்டாரா, பெரியவரு எங்க போனாரு, பெரியவருக்குக் குளிக்க ஊத்துனீங்களா. ஊட்டுல எல்லாரும் அப்படித்தான். அப்ப எங்கூட்டுக்காரருக்கு மீசை கருப்பு. பெரியவருன்னு அவரை ஆரும் கூப்பிட்டதில்ல. இப்பத்தான் பால்காரன், கேஸ் கொண்டு வர்ற பையன் எல்லாம் "ஏனுங் பெரியவரே"ங்கறாங்க. அதுதான் வந்த வெனையே. சொல்றேன் இரு.

போன மழைக்கு இவனுக்கு வயிறு கெட்டுது. ஒரு நாளைக்குக் கல்லாட்ட இறுகிக்கும், மறுநாள் தண்ணியாட்டப் போகும். தின்னதைக் கக்குவான். வயித்துல கை வெச்சா கொடகொடன்னு சத்தம். வட்டலை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவான். இங்க கொண்டாந்து காட்டுனேன். டாக்டரம்மா என்ன குடுக்கறீங்கன்னு கேட்டாங்க. நாங்க என்ன தின்கறமோ அதுதான், அரிசிம்பருப்பு, ஞாயித்துக்கெழமை கறிக்கொழம்பு, பாலுன்னேன். "எண்ணெய், காரம், பாலு எல்லாம் நிறுத்துங்க. வயசானா குடலும் வயசாயிரும். கொஞ்சங் கொஞ்சமா, நாலு வேளையாப் பிரிச்சு, வெதுவெதுப்பாக் குடுங்க. அரசாணிக்காயை, அதான் மஞ்சப் பூசணியை, வேக வெச்சு மசிச்சு சோத்துல கலந்து குடுங்க"ன்னாங்க. அதோட ஒரு பவுடரும் சொன்னாங்க. குடல்ல நல்ல கிருமி இருக்குதாமா, வயசானா அது கொறஞ்சு போகுமாமா, அதைத் திருப்பிக் குடுக்கற பவுடராமா. "கிருமியைக் கொல்றதுக்குத்தான் மருந்துன்னு இருந்தேன், கிருமியையே காசு குடுத்து வாங்கோணுமா டாக்டரம்மா"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "இது மந்திரம் ஒண்ணும் இல்லீங்க, சோறு சரியா இருந்தாத்தான் பவுடரும் வேலை செய்யும். ஆனா நடுவுல நிறுத்தாதீங்க"ன்னாங்க. அந்தக் கடைசி வார்த்தையை மனசுல வெச்சுக்க அம்மிணி. நடுவுல நிறுத்தக்கூடாது.

அன்னியிலிருந்து என்ற பொழப்பே அதுதான். வெடியால எந்திரிச்சதும் அரசாணிக்காய்தான். தோலு சீவி, வெத எடுத்து, இவனுக்குன்னு ஒரு போசி வெச்சு, அதுல வேக வெச்சு, கையாலயே மசிப்பேன், கரண்டி போட்டா கட்டி நிக்கும். ஆற வெச்சு, பொறங்கையில தொட்டுப் பாத்து, பக்கத்துல உக்காந்து, "சாப்பிடுடா கண்ணு, ஒரு வாயி, அம்மாவுக்கோசரம் ஒரே ஒரு வாயி"ன்னு ஊட்டுவேன். அப்புறம் வெளிய கூட்டிட்டுப் போயி, போனானா, எப்படிப் போனான், எல்லாம் பாக்கோணும். அருவருப்பு என்ன இதுல? பெத்ததுகளுக்குப் பாக்கலையா? தெருவுல சிரிக்கறாங்க. "அக்கா நாய் பின்னாலயே திரியுது"ன்னு. ஆமா, திரியறேன். உங்கூட்டுச் சோத்தைத் தின்னுட்டா திரியறேன்?

அந்தப் பவுடரு இங்க கெடைக்கல. யமுனா பெங்களூர்ல இருக்கறா, கம்ப்யூட்டர் வேலை. அவகிட்டச் சொன்னேன். நான் எப்பவும் போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவேன், கையில வேலை இருக்குமல்ல. "பெரியவரு வயித்துக்கு நல்ல பவுடரா ரெண்டு டப்பா கொரியர்ல தாட்டி உடறம்மா. சோத்துல கலந்து குடு. வெறும் வயித்துல வேண்டாம். பக்கத்துல இருந்து சாப்பிட வெய்யி. பாவம், இந்த வயசுல வயிறு சரியில்லைன்னா எப்படி இருக்கும்"ன்னா. இவரு அந்நேரத்துக்குத் திண்டுல சாஞ்சு பேப்பர் பாத்துட்டிருந்தாரு. பேப்பரைக் கீழ எறக்கவேயில்ல. நான் அதையெல்லாம் கவனிக்கல.

பார்சல் வந்த அன்னிக்கு நான் ஒறம்பரை ஊட்டு வளைகாப்புக்குப் போயிட்டேன். இந்த யமுனா இருக்கறாளே, வெளையாட்டுப் புள்ள, பார்சல் மேல பேரு போடற எடத்துல பெரியவர்னே போட்டிருக்கறா. கொரியர்காரன் வாசல்ல நின்னு, "பெரியவருக்குப் பார்சல் வந்திருக்குதுங்க, பெரியவரு ஆருங்க?"ன்னு கேட்டிருக்கறான். இவரு எந்திரிச்சுப் போயி, "நாந்தான்"னு வாங்கியிருக்கறாரு.

நான் வந்து பாத்தா அடுப்படியில ஒரு டப்பா இருக்குது. மேல எலையும் பூவுமாப் படம், எல்லாம் இங்கிலீசு. சரி, ஒண்ணுதான் வந்திருக்குது, இன்னொண்ணு பின்னால வருமாட்ட இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன். கலந்து குடுத்தேன். சொன்னா நம்பமாட்ட, பத்துப் பன்னெண்டு நாள்ல இவன் வாலை ஆட்டிக்கிட்டுப் போசிகிட்ட வந்து நிக்கறான். கக்கல் நின்னுது. வயித்துல சத்தம் அடங்குச்சு. டப்பா காலியாச்சு. அடுத்த டப்பா எங்க?

யமுனாவைக் கேட்டா, ரெண்டும் ஒரே பார்சல்லதாம்மா போட்டேங்கறா. அப்ப ஒண்ணை எடுத்தது ஆரு? எனக்கு வந்துது பாரு கோவம். கொரியர் ஆபீசுக்கே போயி நின்னேன். பிரிச்சு எடுத்துட்டு ஒட்டி அனுப்பிச்சீங்களாடான்னு சத்தம் போட்டேன். வாசல் கூட்டற பழனாத்தா மேலயும் சந்தேகப்பட்டு ரெண்டு வார்த்தை கேட்டுப்போட்டேன், அது அழுதுட்டே போச்சு. இவரு அத்தனையும் பாத்துட்டுத்தான் இருந்தாரு. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை பேசோணுமே. பேசல. அதுக்குள்ள யமுனா வேற டப்பா தேடுனா, அந்தக் கம்பெனியில சரக்கு இல்லைன்னு இழுத்தடிச்சுட்டாங்க. பவுடரு நின்னு போச்சு. நடுவுல நிறுத்தாதீங்கன்னாங்கல்ல? நிறுத்துன நாலா நாளே இவன் மறுக்காப் படுத்துட்டான். பழையபடி கக்கல், பழையபடி தண்ணி. வெலா எலும்பை எண்ணலாம். அப்பத்தான் தினகரன் வந்து பாத்துட்டு ஊசின்னு ஆரம்பிச்சான்.

அப்புறம் பொங்கலுக்கு ஊடு ஒதுங்க வெச்சமல்ல. பீரோவுல அவரு காக்கிச் சட்டை ரெண்டு கெடக்குது, பழைய யூனிபார்ம், ஆருக்கும் குடுக்க உடமாட்டேங்கறாரு. தூசி தட்டலாமுன்னு எடுக்கறேன், பின்னால அந்த டப்பா. எலையும் பூவும். தொறந்து பாத்தா முக்காவாசிக்கு மேல காலி, உள்ள ஒரு ஸ்பூனு. என்ற ஊட்டு ஸ்பூனு.

டப்பாவைக் கொண்டுபோயி அவரு முன்னால வெச்சேன். "என்னங்க இது?"ன்னேன். அவரு டப்பாவைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு. "பெரியவருன்னு போட்டிருந்துது"ங்கறாரு. "அது நாய்க்கு வந்ததுங்க. நாய் திங்கற பவுடரு. அதைப் போயித் தின்னிருக்கறீங்களே"ன்னேன். "ரெண்டு டப்பா இருந்துது. அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு நெனச்சேன். யமுனா எனக்கும் அனுப்பிச்சிருக்கறான்னு நெனச்சுட்டேன்"ங்கறாரு. அப்ப பழனாத்தாளை நான் பேசறப்ப சொல்லியிருக்கலாமல்லன்னு கேட்டா, "அன்னிக்குத்தான் தெரிஞ்சுது எனக்கு வந்ததில்லைன்னு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது"ங்கறாரு. கேட்டியா நாயம்.

எனக்குச் சிரிப்பா வந்துது, ஆத்திரமா வந்துது, ரெண்டும் ஒட்டுக்கா வந்துது. பழனாத்தாளைக் கூப்பிட்டுச் சொன்னேன், எதுத்தூட்டுல சொன்னேன், யமுனாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்லயே சொன்னேன். "உங்கப்பன் நாய் மருந்தைத் தின்னுட்டு, மக எனக்குத்தான் அனுப்பிச்சான்னு ஒளிச்சு வெச்சிருந்திருக்கறாரு"ன்னு. உழுந்து உழுந்து சிரிப்பாளுன்னு பாத்தா, அந்தப்பக்கம் சத்தமே இல்ல. "அப்பா பக்கத்துல இருக்காராம்மா?"ன்னு மட்டும் கேட்டா. இருக்கறாருன்னேன். போன் கட்டாயிருச்சு. எங்கூட்டுல டவர் சரியா எடுக்காது.

இல்ல, நீ என்ன மூஞ்சி ஒரு மாதிரி வெச்சுக்கற? அவருக்கு நான் என்ன கொறை வெச்சேன்? மூணு வேளையும் சோறாக்கிப் போடறேன். வயிறு சரியில்லைன்னு ஒரு தடவை, இல்ல ரெண்டு தடவை சொன்னாரு, இல்லைங்கல. வெடியால பாத்ரூம் போனா வெளிய வர நேரமாகும். பஸ் ஓட்டறப்ப ஓட்டல் ஓட்டலாத் தின்ன வயிறு, நேரத்துக்குச் சோறு கெடையாது, நேரத்துக்கு எறங்கக் கெடையாது. வயசானா எல்லாருக்கும் அப்படித்தாங்க, சுடுதண்ணி குடிங்கன்னு சொன்னேன். தப்பா சொன்னேன்? இதைப் பாரு, இவன் வாயில்லா ஜீவன். எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. அதனால நாந்தான் பாக்கோணும். அவருக்கு வாய் இருக்குதல்ல? கேக்கோணுமல்ல? கல்யாணமாயி இத்தனை வருசத்துல சோறு நல்லாருக்குது, நல்லால்லைன்னு ஒரு வார்த்தை வந்திருக்குமா அந்த வாயிலிருந்து? போட்டதைத் தின்னுட்டு வட்டலைக் கழுவி வெச்சுட்டுப் போவாரு. நல்லாருக்குதுன்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. எப்பங்கற? இவன் தின்னது போக போசியில கொஞ்சம் அரசாணிக்காய் மசியல் ஒட்டிட்டிருந்துது. கழுவறதுக்கு எடுக்கறேன், அவரு அடுப்படியில நின்னு வெரல்ல வழிச்சுச் சாப்பிடறாரு. உப்பில்ல, காரமில்ல, நாய்க்கு வெச்சது. "நல்லாருக்குது"ங்கறாரு. நான் போசியைப் புடுங்கிட்டேன். மானம் போகாதா?

இப்ப அவரு அந்தப் பவுடரைத் தொடறதில்ல. மிச்சம் இருந்ததை அவரே கொண்டாந்து அடுப்படியில வெச்சுட்டாரு, "அவனுக்குக் குடு, எனக்கு வேண்டாம்"னு. அப்புறம் யமுனா வேற அனுப்பிச்சுட்டா. இந்தத் தடவை பார்சல் மேல அவ அப்பா பேரைக் கொட்டை எழுத்துல எழுதியிருந்தா. உள்ள நாய்ப் பவுடரு தனி, கூட மனுசருக்குன்னு ஏதோ ஒரு டப்பா தனி. அதை அவரு பிரிக்கவேயில்ல. டீவி மேல அப்படியே இருக்குது. வறட்டுப் புடிவாதம். ராத்திரிக்குச் சோறு வேண்டாங்கறாரு. பேன்ட்டெல்லாம் லூசாயிருச்சு, பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கறாரு. கேட்டா, "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கறேன்"ங்கறாரு.

ஆனா இவன் விசயத்துல மட்டும் ஒண்ணு சொல்லோணும். பீரோவுல டப்பா அகப்பட்ட நாள்லயிருந்து வெடியால இவனைக் கூட்டிட்டுப் போறது அவருதான். நான் எந்திரிக்கறதுக்குள்ள போயிட்டு வந்து, "இன்னிக்கு நல்லாப் போச்சு"ன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. பஸ்ஸை டிப்போவுல உட்டுட்டு சாவி குடுக்கறவராட்ட, அவ்வளவுதான் பேச்சு. எல்லாம் பேரு வாங்கறதுக்கு. வயித்தைச் சரி பண்ணுனது என்ற அரசாணிக்காய், அந்தப் பவுடரு. இவரு கூட்டிட்டுப் போனா சரியாயிருமா?

இன்னிக்கும் நான் ஒருத்தியே வர்றேன்னுதான் சொன்னேன். ஆட்டோவுல மொத ஆளா ஏறி உக்காந்துட்டாரு, அவனை மடியில வெச்சுக்கிட்டு. வர்ற வழியெல்லாம் வாயே தொறக்கல. இங்க வந்து எறங்கறப்ப மட்டும், "மெசினுல கொறச்சுக் காட்டுனா என்ன பண்ணுவ?"ன்னு கேட்டாரு. ஊட்டுக்குக் கொண்டுபோவேன், வேறென்ன பண்ணுவேன்னேன். "தினகரன் சொன்னது?"ன்னாரு. அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான், வயசாச்சு, வயிறு சரியில்லைன்னு ஆரையும் நான் உடறதில்லைன்னேன். என்னையே சித்த நேரம் பாத்துட்டு நின்னாரு. எதுக்கு அப்படிப் பாத்தாரோ.

இரு இரு, கதவைத் தொறக்கறாங்க. நம்ம நம்பர்தான்.

கேட்டியா? அந்தப் புள்ள என்ன சொல்லிக் கூப்பிட்டுதுன்னு கேட்டியா? "பெரியவரு வரலாங்க"ன்னு. நாயோட பேரைத்தான் இங்க எழுதி வெச்சிருப்பாங்க, ஆளு பேரைச் சொல்லமாட்டாங்க. அங்க பாரு. இவன் காதை மட்டும் தூக்கறான். எந்திரிச்சு நிக்கறது அவரு.

சிரிக்காத அம்மிணி. அவரு பாக்கறாரு.

எத்தனை எளைச்சுப் போயிட்டாரு பாரேன். ஊட்டுல தெரியல, அந்த வெளிச்சத்துல நின்னாத்தான் தெரியுது. சட்டை தோள்ல நிக்கல. நான் பாட்டுக்குத் தெனமும் இவனைத் தூக்கித் தூக்கி எடை பாத்துட்டிருக்கறேன்.

ஏனுங்க, நில்லுங்க, நானும் வர்றேன். ஒருத்தரா உள்ள போயி என்ன சொல்லப்போறீங்க, வாயத் தொறக்கவா போறீங்க. அவனை மெசினுல நிறுத்தி முடிஞ்சதும் நீங்களும் ஒருக்கா ஏறி நில்லுங்க. அட, ஏறுங்கன்னா ஏறோணும். நாய் மெசினா இருந்தா என்ன, எடை எடைதான். டாக்டரம்மா சிரிச்சா சிரிக்கட்டும், நான் பேசிக்கறேன். கொறஞ்சிருந்தா இங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம், ஆட்டோ நிக்கட்டும்னு சொல்லியாச்சு. ஊட்டுக்கு வந்ததும் டீவி மேல இருக்கற டப்பாவை நானே பிரிக்கறேன். வேண்டாங்கற பேச்சே இருக்கக்கூடாது.

அம்மிணி, இந்தப் பையைச் சித்தப் பாத்துக்க, அரசாணிக்காய் இருக்குது, சந்தையில வாங்குனேன். பெருசா வாங்கியிருக்கறேன்னு பாக்கறியா? பெருசாத்தான் வேணும்.

படி ஒசரம், பாத்துக் கால் வெய்ங்க.

என்ன அம்மிணி? ஆருக்குச் சொன்னேனா? பெரியவருக்குத்தான்.